பானை குளிராத ஊர்

நுழையும்முன்

மாணவர்களே! பெற்றோரின் பணிமாறுதலால் ஊர்விட்டு ஊர் செல்வது உங்களுள் பலருக்குப் பழகிய ஒன்றே. புதிய ஊரில் புதிய மொழியையும் புதிய நண்பர்களையும் எதிர்பார்த்துச் செல்கிறோம். அங்கு வீசும் காற்றும் நமக்குப் புதியதாக இருக்கும் என்பதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. கடும் வெயிலுக்குப் பெயர்பெற்ற ஊரில் வளர்ந்த மாணவன் ஒருவன், அதைவிட வெப்பம் குறைந்த ஊரில் மயங்கி விழுந்தான். அதற்குக் காரணம் என்ன? அவன் கூறக் கேட்போம்.

1. வெயில் எனக்குப் புதிதா?

என் தந்தையார் நடுவண் அரசுப் பணியாளர். எனக்கு மூன்று வயதானபோது நாங்கள் மதுரையிலிருந்து ராஜஸ்தான் மாநிலத்தின் ஜோத்பூருக்குக் குடிபெயர்ந்தோம். தார்ப் பாலைவனத்தின் ஓரத்தில் அமைந்த நகரம் அது. மே மாதத்தில் அங்கு வெப்பம் 42 பாகை செல்சியசைத் தாண்டுவது இயல்பு. நண்பகலில் 'லூ' எனப்படும் அனல்காற்று வீசும். அந்நேரத்தில் தெருவில் ஆள்நடமாட்டம் இராது.

அந்த வெயிலோடு வாழ நாங்கள் நன்கு கற்றிருந்தோம். காலை பத்து மணிக்கே அம்மா சன்னல்களை இறுக அடைத்துவிடுவார். கூடத்தின் மூலையில் மண்பானை ஒன்று இருந்தது. அதன் நீர் பற்கள் கூசும் அளவுக்குக் குளிர்ந்திருக்கும். சன்னலுக்கு வெளியே பொருத்திய ஏர்கூலர் ஈரக்காற்றை வீசி வீட்டைக் குளிரச் செய்யும். மாலையில் நானும் நண்பர்களும் பள்ளித் திடலில் ஓடிப் பயிற்சி செய்வோம். 400 மீட்டர் ஓட்டத்தில் என் வகுப்பில் நானே முதல்வன்.

நான் எட்டாம் வகுப்பில் சேரவிருந்த ஆண்டில் அப்பாவுக்கு அந்தமான் தீவுகளுக்கு மாறுதல் வந்தது. போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கப்பட்டு, 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர்மாற்றம் பெற்ற நகரம் அது. அங்குக் கோடையிலும் பகல் வெப்பம் ஏறத்தாழ 32 பாகைதான் என்று புவியியல் நூலில் படித்ததும் நான் நகைத்தேன். "பத்துப் பாகை குறைவு! நமக்கு அது குளிர்காலம்!" என்று தங்கையிடம் பெருமை பேசினேன்.

அப்பாவும் அவ்வாறே எண்ணினார் போலும். மண்பானையை வைக்கோல் சுற்றிக் கட்டினார். ஏர்கூலரையும் மரப்பெட்டியில் அடைத்தார். தொடர்வண்டியில் சென்னைக்கும், அங்கிருந்து கப்பலில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல்வழியாகத் தீவுக்கும் அவை எங்களோடு பயணம் செய்தன.

2. உலராத துணி, குளிராத பானை

மூன்று நாள் பயணத்திற்குப்பின் ஏப்ரல் மாதத்தின் ஒரு காலையில் ஹட்டோ துறைமுகத்தில் இறங்கினோம். நீலக்கடலும் கரைவரை இறங்கி நின்ற பசுங்காடும் கண்ணைக் கவர்ந்தன. ஆனால், படிக்கட்டில் இறங்கி நூறு அடி நடப்பதற்குள் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெயில் சுடவில்லை, மூச்சுவிடும் காற்றே கனமாக இருந்தது.

முதல் வாரத்தில் வீட்டில் ஒவ்வொரு பொருளும் எங்களுக்கு எதிராகத் திரும்பியதுபோல் தோன்றியது. காலையில் காயப்போட்ட துணி மாலையிலும் ஈரமாகவே இருந்தது. உப்புக் கிண்ணத்தில் நீர் கசிந்தது. அம்மா ஆசையாகக் கொண்டுவந்த அப்பளங்கள் துவண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. என் தோல் காலணியின்மேல் வெண்மையான பூஞ்சை படர்ந்தது. தங்கையின் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு தோன்றி அரித்தது. ஜோத்பூரில் வெயில் தாழ்ந்தபின் இரவு குளிரும். இங்கோ நள்ளிரவிலும் வெப்பம் 25 பாகைக்கு அருகிலேயே நின்றது.

எங்களுக்குப் பெரிதும் ஏமாற்றம் அளித்தது பானைதான். அம்மா அதைக் கழுவி, மணல் பரப்பி அதன்மேல் வைத்து, நீர் நிரப்பினார். மறுநாள் காலையில் ஆவலோடு ஒரு குவளை மொண்டு குடித்தேன். குழாய் நீருக்கும் அதற்கும் வேறுபாடே தெரியவில்லை. "பானை கெட்டுவிட்டதா அம்மா?" என்று கேட்டேன். அம்மா மறுமொழி கூறவில்லை. அன்றிரவு அவர் அப்பாவிடம், "இந்த ஊரில் நம்மால் இருக்க இயலுமா?" என்று மெல்லிய குரலில் கேட்டது என் காதில் விழுந்தது.

அப்பா மட்டும் தளரவில்லை. ஏர்கூலரைப் பொருத்தினார், சன்னல்களை அடைத்தார், தொட்டியில் நீர் நிரப்பி அதை இயக்கினார். அறை குளிரவில்லை. படுக்கை விரிப்பும் தலையணையும் நனைந்தவைபோல் ஆயின. "இன்னும் சற்று நேரம் ஓடட்டும், குளிர்ந்துவிடும்" என்று அவர் நாள்தோறும் கூறிவந்தார்.

3. திடலில் நேர்ந்தது

பள்ளியில் சேர்ந்த மூன்றாம் நாள், ஓட்டப் பந்தயத்திற்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கப் போவதாக அறிவித்தார்கள். நான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். உடற்கல்வி ஆசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தீவுக்கு வந்து எத்தனை நாள் ஆயிற்று?"

"ஒன்பது நாள் ஐயா. ஆனால், நான் ஜோத்பூரிலிருந்து வந்தவன். வெயில் எனக்குப் பழக்கம்."

"அடுத்த மாதம் மீண்டும் ஒரு தேர்வு உண்டு. அப்போது ஓடலாமே?"

நான் கேட்கவில்லை. காலையிலிருந்தே எனக்குத் தலை வலித்துக்கொண்டிருந்தது. சொன்னால் ஓடவிடமாட்டார்கள் என்று அதை மறைத்தேன். தாகம் எடுக்கவில்லை என்பதால் தண்ணீரும் குடிக்கவில்லை.

முதல் 200 மீட்டர் வரை நானே முன்னால் ஓடினேன். அதன்பின் வியர்வை அருவிபோல் வழிந்தது. வழிந்ததே தவிர உடல் சற்றும் குளிரவில்லை. காதுகள் அடைத்தன, திடலின் கோடுகள் மங்கின. அடுத்து நான் உணர்ந்தது, மரநிழலில் படுத்திருப்பதைத்தான். ஆசிரியர் என் கால்களை ஒரு பைமீது உயர்த்தி வைத்திருந்தார். சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு, கழுத்திலும் மார்பிலும் ஈரத்துணியால் ஒற்றி, அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். நன்றாக நினைவு திரும்பியபின் உப்பும் சருக்கரையும் கலந்த நீரைச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுத்தார்.

எனக்கு அழுகை வந்தது. "ஐயா, 42 பாகை வெயிலில் நான் விழுந்ததில்லை. இந்த 31 பாகையில் விழுந்துவிட்டேனே!" என்றேன்.

"உன் உடலில் குறை ஏதும் இல்லை தம்பி. தலைவலியை மறைத்ததுதான் நீ செய்த பிழை. மற்றதை உன் அறிவியல் ஆசிரியையிடம் கேள்" என்றார் அவர்.

4. காற்றின் கணக்கு

மறுநாள் அறிவியல் வகுப்பில் நான் எழுந்து இரண்டு ஐயங்களைக் கேட்டேன். நான் ஏன் விழுந்தேன்? எங்கள் பானை ஏன் குளிரவில்லை? ஆசிரியை புன்னகைத்தார். "இரண்டும் ஒரே கேள்வி" என்று கூறிவிட்டுப் பின்வருமாறு விளக்கினார்.

"நீர் ஆவியாக மாறுவதற்கு வெப்பம் வேண்டும். தோலின்மீதுள்ள ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒரு கிராம் நீரை 0 பாகையிலிருந்து 100 பாகைவரை சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தைப் போல் இது ஐந்து மடங்குக்கும் மிகுதி. உடல் தன் வெப்பத்தை வெளியேற்ற இயற்கை அளித்த வழி இது. ஆனால், வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். வழிந்து மண்ணில் சொட்டினால் பயனில்லை.

"காற்று ஓர் அளவுக்குமேல் நீராவியை ஏற்காது. 30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால், அதில் 24 கிராம் முன்பே நிறைந்துவிட்டது என்று பொருள். இருக்கைகள் நிரம்பிய பேருந்தில் ஏறுவதுபோல, உன் வியர்வைக்கு இங்கே இடம் அரிதாகிறது. பாலைவனக் காற்றிலோ பேருந்து காலியாக இருக்கும். வியர்வை தோன்றிய நொடியே ஆவியாகிவிடும். அதனால்தான் அங்கே நீ வியர்த்ததையே உணர்ந்திருக்கமாட்டாய்.

"பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீரும் அதன் வியர்வையே. ஏர்கூலரின் ஈரத்தட்டியிலும் இதுவே நிகழ்கிறது. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் வைத்துப் பார். 42 பாகை வெப்பமும் 15 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில் அது ஏறக்குறைய 22 பாகை வரை இறங்கும். 31 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில் 28 பாகையிலேயே நின்றுவிடும். ஆகவே, உங்கள் பானை கெடவில்லை. அதன் திறமைக்கு இந்த ஊர்க் காற்று இடங்கொடுக்கவில்லை."

அன்று மாலை இதை அப்பாவிடம் கூறினேன். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால், ஏர்கூலரை நிறுத்தவில்லை. கடல் கடந்து அவ்வளவு அரும்பாடுபட்டுக் கொண்டுவந்ததாயிற்றே!

5. பக்கத்து வீட்டுப் பாட்டி

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். அவருடைய தந்தையார் இராமநாதபுரத்திலிருந்து இளவயதில் கப்பலேறி வந்தவராம். பாட்டி பிறந்து வளர்ந்தது எல்லாம் இத்தீவில்தான். தமிழும் இந்தியும் வங்காளமும் அவர் நாவில் தடையின்றி வரும்.

என் மயக்கத்தைப் பற்றிக் கேள்வியுற்ற பாட்டி, இரண்டு இளநீரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அடைத்த சன்னல்களையும் ஓடிக்கொண்டிருந்த ஏர்கூலரையும் பார்த்தார். அறிவுரை எதுவும் கூறாமல், "இந்தப் பெட்டிக்கு யார் தம்பி தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? நாள்தோறும் தொட்டியைத் தேய்த்துக் கழுவுகிறீர்களா?" என்று மட்டும் அப்பாவிடம் கேட்டார். அப்பா தொட்டியைத் திறந்தார். நீரில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. டெங்கு காய்ச்சலைப் பரப்பும் கொசு, வீட்டில் தேங்கும் இத்தகைய நீரில்தான் முட்டையிடும் என்பதை அவர் அறிவார். தங்கை உறங்கிய அறை அது. அப்பா ஒரு சொல்லும் பேசாமல் நீரை மண்ணில் கொட்டி, தொட்டியைத் துடைத்து உலர வைத்தார். அதன்பின் ஏர்கூலர் தன் மரப்பெட்டிக்கே திரும்பியது.

பாட்டி எழுந்து எதிரெதிரே இருந்த இரண்டு சன்னல்களைத் திறந்தார். கடற்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறியது. "உங்கள் பழைய ஊரில் காற்று அனல், அதனால் அடைத்தீர்கள். இங்கே காற்றுதான் மருந்து மகளே. ஈரத்தைத் துடைத்துக்கொண்டு போவது அதுதான்" என்று அம்மாவிடம் கூறினார்.

அடுத்தடுத்த நாள்களில் பாட்டியிடமிருந்து நாங்கள் கற்றவை பல. உப்பை மூடியுள்ள பீங்கான் சாடியில் இட்டு, அதில் சிறிது வறுத்த அரிசியைப் போட்டு வைத்தோம். துணிகளை விடியற்காலையிலேயே துவைத்து, நெருக்கமின்றிக் காயவைத்தோம். ஏப்ரலில் இங்குக் காலை ஐந்தேகால் மணிக்குள் கதிரவன் எழுந்துவிடுவான். நாட்டின் பொதுநேரத்தைக் கணக்கிடும் நெடுங்கோட்டுக்குத் தீவு வெகு கிழக்கே இருப்பதே அதற்குக் காரணம். நனைந்த காலணிக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்தோம். அலமாரியின் கதவுகளை நாளும் சிறிது நேரம் திறந்து வைத்தோம். தங்கைக்கு இருவேளை குளிப்பாட்டி, உடலை நன்கு துவட்டி, தளர்வான மெல்லிய பருத்தியாடை அணிவித்தோம். வேர்க்குரு மறைந்தது.

6. உடல் கற்ற பாடம்

உடற்கல்வி ஆசிரியர் எனக்கென ஓர் ஒழுங்கை வகுத்துத் தந்தார். முதல் மூன்று நாள் முழு ஓய்வு. பின்னர், காலை வேளையில் 15 நிமிட நடை. நாள்தோறும் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டி, இரண்டாம் வாரத்தில் மெல்லோட்டம். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது நீர் பருக வேண்டும்.

"புதிய வெப்பத்திற்கு உடல் பழக 7 முதல் 14 நாள் ஆகும்" என்று அவர் விளக்கினார். "அதற்குள் உன் உடல் முன்னதாகவே வியர்க்கத் தொடங்கும், மிகுதியாக வியர்க்கும், ஆனால், வியர்வையில் உப்பு குறையும். இதயம் முன்போலப் படபடக்காது. இவ்வளவையும் உடல் தானே கற்றுக்கொள்ளும். நாம் செய்ய வேண்டியது அதற்குக் காலம் கொடுப்பதே."

அவ்வாரத் தமிழ் வகுப்பில் ஐந்திணைப் பாடம் நடந்தது. நிலத்தை ஐந்தாகப் பகுத்த நம் முன்னோர், ஒவ்வொன்றுக்கும் உரிய உணவு, தொழில், பறவை, பொழுது ஆகியவற்றை வகுத்துள்ளனர் என்று தமிழாசிரியர் கூறினார். பாலைக்கு உரிய சிறுபொழுது நண்பகல். நெய்தலுக்கு உரியது எற்பாடு, அதாவது கதிரவன் மறையும் நேரம். நான் பாலையின் பொழுதையும் பானையையும் நெய்தலுக்குத் தூக்கிவந்திருந்தேன் என்பது அப்போது விளங்கியது. ஜோத்பூரில் கற்றவை பொய்யல்ல. அவை அந்த நிலத்துக்கு உரியவை. அங்கும் அவற்றை எங்களுக்கு ஒரு பக்கத்து வீட்டார்தாம் கற்றுக்கொடுத்தனர் என்று அம்மா நினைவுகூர்ந்தார்.

அடுத்த மாதத் தேர்வில் நான் மீண்டும் ஓடினேன். நான்காவதாகவே வந்தேன், அணியில் இடம் கிடைக்கவில்லை. ஆனால், விழாமல் ஓடி முடித்தேன். கோட்டைத் தாண்டியதும் ஆசிரியர் முதலில் நீர்க்குப்பியை நீட்டினார்; அதன்பின்தான் நேரத்தைச் சொன்னார்.

மே மாத இறுதியில் பருவமழை தொடங்கியது. ஜோத்பூரில் ஓராண்டில் 400 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்வதில்லை. இங்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் பெய்யும். அம்மா மண்பானையின் அடியில் துளையிட்டு, மண் நிரப்பி, பாட்டி தந்த கறிவேப்பிலைக் கன்றை நட்டார். "இந்த ஊரில் இருக்க இயலுமா?" என்று அவர் பின்னர் கேட்கவில்லை.

மறு ஆண்டு ஏப்ரலில், இமயமலை அடிவார நகரம் ஒன்றிலிருந்து ஒரு மாணவன் எங்கள் வகுப்பில் சேர்ந்தான். முதல் நாளே பந்தோடு திடலுக்கு ஓடினான். நான் அவன் அருகில் சென்று, என் நீர்க்குப்பியை நீட்டி, "தலை வலிக்கிறதா? வலித்தால் மறைக்காமல் சொல்" என்றேன்.

சொற்பொருள்

நடுவண் அரசு – மத்திய அரசு
ஈரப்பதம் – காற்றில் கலந்துள்ள நீராவியின் அளவு
விழுக்காடு – சதவீதம்
பாகை – வெப்பத்தை அளக்கும் அலகு
வேர்க்குரு – மிகு வியர்வையால் தோலில் தோன்றும் சிறு கொப்புளம்
மொண்டு – முகந்து
ஐயம் – சந்தேகம்
எற்பாடு – கதிரவன் மறையும் பொழுது

தெரிந்துகொள்வோம்

வெப்பத்தால் களைப்புற்றவருக்கு வீட்டிலேயே உப்பு – சருக்கரைக் கரைசல் செய்து கொடுக்கலாம். தூய்மையான நீர் 1 லிட்டர், சருக்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி ஆகியவற்றைத் தலைதட்டி அளந்து கலக்க வேண்டும். உப்பின் அளவு மிகக்கூடாது. ஒருவர் நினைவிழந்தாலும், குழப்பமாகப் பேசினாலும், அவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்காமல், உடலைக் குளிர்வித்தவாறே உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. கடற்காற்று 2. பருவமழை 3. மெல்லோட்டம் 4. வெண்மையான பூஞ்சை என்பதிலுள்ள 'வெண்மையான'

ஆ. எதிர்ச்சொல் எழுதுக.
1. ஈரம் 2. மிகுதி 3. அடைத்தார் 4. முன்னதாக

இ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. அப்பா கப்பலில் கொண்டுவந்த இரண்டு பொருள்கள் யாவை?
2. ஓடுவதற்குமுன் மாணவன் எதை மறைத்தான்?
3. ஏர்கூலர் மரப்பெட்டிக்குத் திரும்பியது ஏன்?
4. பாலைக்கும் நெய்தலுக்கும் உரிய சிறுபொழுதுகள் யாவை?

ஈ. ஒரு பத்தியில் விடையளிக்க.
1. "இரண்டும் ஒரே கேள்வி" என்று அறிவியல் ஆசிரியை கூறியதன் பொருளை விளக்குக.
2. ஜோத்பூரில் சன்னலை அடைத்ததும், தீவில் சன்னலைத் திறந்ததும் சரியான செயல்களே. எவ்வாறு?

உ. சிந்தித்து எழுதுக.
உங்கள் ஊருக்குப் புதிதாக வரும் மாணவர் ஒருவருக்கு, இவ்வூரின் காற்று, நீர், உணவு, உடை பற்றி அறிவுறுத்திக் கடிதம் ஒன்று எழுதுக.

ஊ. செய்து பார்க்க.
ஒரே அளவுள்ள இரண்டு கைக்குட்டைகளை நனைத்துப் பிழிக. ஒன்றை மின்விசிறியின் கீழ்த் தொங்கவிடுக. மற்றொன்றை மூடிய நெகிழிப் பைக்குள் வைக்க. ஒரு மணி நேரத்திற்குப்பின் இரண்டையும் தொட்டுப் பார்த்து, கண்டதையும் அதற்கான காரணத்தையும் ஐந்து தொடர்களில் எழுதுக.